எத்தனை கன அடி?

பாலம் திறக்கப்படுகிறது என்றால் நம் ஊர்களில் அது திருவிழா. பந்தல் உண்டு, தோரணம் உண்டு, மேளம் உண்டு, மாலை உண்டு. நாடா வெட்டக் கத்தரிக்கோலைத் தாம்பாளத்தில் ஏந்தி நிற்க ஓர் அதிகாரியும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்வெட்டு உண்டு. திறந்து வைத்தவர் யார், தலைமை தாங்கியவர் யார், முன்னிலை வகித்தவர் யார், செலவான தொகை எவ்வளவு, நாள் எது, கிழமை எது, அத்தனையும் பொன்னெழுத்தில் மின்னும். ஓர் எண்ணை மட்டும் அந்தக் கல்லிலே காண முடியாது. எந்த எண்ணை நம்பி அந்தப் பாலம் நிற்கிறதோ, அந்த எண்ணை!

எத்தனை கன அடி நீரைத் தாங்கும் இந்தப் பாலம்?

இக்கேள்வியைக் கேட்பார் இல்லை. கேட்டாலும் விடை சொல்வார் இல்லை. ‘அது பொறியியல், உமக்கு ஏன்?’ என்பர். பொறியியல்தான், மறுக்கவில்லை. ஆயினும், அந்த எண்ணுக்குள்ளே அரசியல் இருக்கிறது என்பதையும், அந்த அரசியலிலே ஆதாயம் ஒருவருக்கும் ஆபத்து இன்னொருவருக்கும் பங்கிடப்படுகிறது என்பதையும் எடுத்துச் சொல்லவே இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் முன் வருகிறேன்.

ஆற்றால் அணி பெற்ற ஊர்

ஆரணியை எண்ணிப் பாருங்கள். ஆற்றை அணியாகப் பூண்டதால் ஆரணி என்று பெயர்க்காரணம் கூறுவர். ஜவ்வாது மலையிலே பிறந்து வரும் கமண்டல நதியும் நாகநதியும் கை கோத்து, கமண்டல நாகநதி எனும் ஒரே பெயரோடு அந்தப் பட்டு நகரின் ஓரமாக நடக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி அதனை ஆறு என்று அழைக்கவே நாக்கூசும். மணலும் முள்ளும் மாடு மேயும் வெளியுமாகக் கிடக்கும். மலையிலே கருமேகம் கவிந்து இரண்டு நாள் கொட்டினால் போதும். ‘நான் செத்துவிடவில்லை, உறங்கிக் கிடந்தேன்’ என்று அது எழுந்து வரும்!

ஆரணிக்குச் சாலையே உயிர். இரயில் ஏற வேண்டுமானால் களம்பூருக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள நிலையத்துக்குப் பெயர் ‘ஆரணி ரோடு’. ஆரணிக்குப் போகும் வழியைக் காட்டும் நிலையமே தவிர, ஆரணியில் நிற்கும் நிலையம் அன்று. ஆற்காட்டிலிருந்து ஆரணி, சேத்துப்பட்டு, செஞ்சி வழியாக விழுப்புரம் செல்லும் மாநில நெடுஞ்சாலையும், வேலூருக்கும் செய்யாற்றுக்கும் போளூருக்கும் கிளை விடும் சாலைகளுமே அந்நகரின் நரம்புகள். ஆலையில் அரைத்த அரிசி மூட்டையும், கருநாடகத்திலிருந்து வரும் பட்டு நூலும், சூரத்திலிருந்து வரும் சரிகையும் அச்சாலைகளின் வழியேதான் வந்து போகின்றன.

புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு ஆரணி நகருக்குள் மட்டும் நெய்யப்படுவதில்லை. தேவிகாபுரத்திலும் ஒண்ணுபுரத்திலும் அத்திமலைப்பட்டிலும் தறிகள் ஒலிக்கின்றன. பாவும் ஊடையும் வாங்கிக்கொண்டு போகிறவரும், நெய்த சேலையை மடித்து மஞ்சள் பையிலே வைத்துக்கொண்டு கூலிக்கு வருகிறவரும் சாலையையும் பாலத்தையும் நம்பி வாழ்கிறவர்கள். சேலையைக் கொண்டு சேர்த்தால்தான் கூலி. கூலி கைக்கு வந்தால்தான் அடுப்பு. மழைக்காலத்திலே குழித்தறியில் ஈரம் ஏறி வேலை பாதி நின்றுவிடும். தெருவிலே பாவு நீட்ட வழியிராது. அந்த நேரத்தில் பாலமும் அறுந்தால், நெய்து முடித்த சேலையும் வீட்டிலேயே கிடக்கும், வயிறும் வெறுமையாகக் கிடக்கும்.

ஆகவே, பாலத்தைப் பற்றிப் பேசுவது சிமெண்டையும் கம்பியையும் பற்றிப் பேசுவதாகாது. கூலியைப் பற்றியும், பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் பற்றியும், பேறுகாலத்திலே மருத்துவமனைக்கு விரையும் தாயைப் பற்றியும் பேசுவதாகும்.

மூன்று மாதம் வாழ்ந்த பாலம்

இதே திருவண்ணாமலை மாவட்டத்திலே நடந்ததைச் சொல்கிறேன். தண்டராம்பட்டு வட்டாரத்திலே, தென்பெண்ணையின் இரு கரைகளிலும் அகரம்பள்ளிப்பட்டு, தொண்டமானூர் என்று இரண்டு ஊர்கள். நடுவே உயர்மட்டப் பாலம் ஒன்று, ஏறத்தாழ 16 கோடி ரூபாய்ச் செலவிலே எழுந்தது. 2024 செப்டம்பர்த் தொடக்கத்திலே திறந்து வைக்கப்பட்டது. ஊர் மகிழ்ந்தது. மகிழ்ச்சி எத்தனை நாள்? டிசம்பர்த் தொடக்கத்திலே பாலம் இல்லை! பெஞ்சல் புயல் தந்த வெள்ளம் அதனை அடித்துச் சென்றது. மூன்றே மாதம்! பிறந்த குழந்தை குப்புற விழுவதற்கும் அவ்வளவு காலம் ஆகுமே, தோழர்களே!

நியாயத்தோடு பேசுவோம். அந்த மழை சாதாரண மழை அன்று. ஊத்தங்கரையிலே ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டிற்று. திருவண்ணாமலையிலே மலைச்சரிவு ஏழு உயிர்களை விழுங்கிற்று. 1958 முதல் தென்பெண்ணையைத் தேக்கி நிற்கும் சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 விடியலிலே நொடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. பாலத்தை வடிவமைத்தபோது கணக்கிட்டதைப்போலப் பல மடங்கு நீர் வந்துவிட்டது என்பதே அரசு தந்த விளக்கம்.

அந்த விளக்கத்தைப் பொய் என்று நான் கூறவில்லை. அது உண்மையாகவே இருக்கட்டும். உண்மையாக இருந்தால்தான் நம் கேள்வி இன்னும் கூர்மை பெறுகிறது. அணைக்குக் கீழே கட்டும் பாலத்துக்கு, அணை எவ்வளவு திறக்கக்கூடும் என்பதைக் கேட்காமல் கணக்கிட்டது எப்படி? கேட்டுத்தான் கணக்கிட்டார்கள் என்றால், சிறிய எண்ணைத் தேர்ந்தெடுத்தது யார்? எதற்காக? அந்தத் தேர்வு அகரம்பள்ளிப்பட்டு மக்களுக்குச் சொல்லப்பட்டதா? ‘இந்தப் பாலம் இவ்வளவு வெள்ளத்தைத்தான் தாங்கும், அதற்கு மேல் வந்தால் போய்விடும்’ என்று திறப்பு விழா மேடையிலே எவரேனும் பேசினரா?

நாடாவை வெட்டும்போது மறைத்த எண்ணை, பாலம் போன பின்பு விளக்கமாகத் தருவது நீதியாகுமா?

எண்ணுக்குள் அரசியல்

பொறியாளர்கள் பாலத்தை வரையும்போது, ‘ஐம்பதாண்டு வெள்ளம்’, ‘நூறாண்டு வெள்ளம்’ என்று கணக்குப் போடுவார்கள். இதைக் கேட்டவுடன் நம்மவர், ‘ஐம்பதாண்டு வெள்ளமென்றால், இப்போது கட்டினால் ஐம்பதாண்டு கழித்துத்தான் ஆபத்து’ என்று எண்ணிக்கொள்வர். அன்று! அவ்வளவு பெரிய வெள்ளம் எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு ஐம்பதில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். அது நாளையும் வரலாம், அடுத்தடுத்து இரண்டாண்டும் வரலாம்.

கணக்கைச் சற்றே நீட்டிப் பாருங்கள். ஐம்பதாண்டு வெள்ளத்துக்கு மட்டும் கட்டிய பாலம் ஐம்பதாண்டு நிற்க வேண்டுமென்றால், அந்தக் காலத்துக்குள் ஒரு முறையேனும் அதன் அளவை மிஞ்சும் வெள்ளம் வருவதற்கு நூற்றுக்கு ஏறத்தாழ 64 பங்கு வாய்ப்பு! நூறாண்டு வெள்ளத்துக்குக் கட்டினால், அதே ஐம்பதாண்டிலே அந்த வாய்ப்பு ஏறத்தாழ 40 பங்காகக் குறைகிறது. ஆபத்தே இல்லாத பாலம் உலகில் இல்லை. எவ்வளவு ஆபத்தை ஏற்பது, அதை யார் தலையிலே வைப்பது என்பதே கேள்வி.

பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தால், கண் அகலும், தூண் ஆழும், செலவு கூடும். சுமை இன்றைய கருவூலத்தின்மீது. சிறிய எண்ணைத் தேர்ந்தெடுத்தால், செலவு குறையும், வேலை விரையும், திறப்பு விழா தேர்தலுக்கு முன்பே வந்துவிடும். சுமை நாளைய கிராமத்தின்மீது. கருவூலமா, கிராமமா? இதைவிடப் பச்சையான அரசியல் கேள்வி வேறு எது? ஆனால், இந்தத் தேர்வு சட்டமன்றத்திலும் விவாதிக்கப்படுவதில்லை, ஊர்ச் சபையிலும் வாசிக்கப்படுவதில்லை. கோப்பு ஒன்றிலே நுழைந்து, ஒப்பந்தத்திலே உறைந்து, சிமெண்டுக்குள்ளே புதைந்துவிடுகிறது.

‘வானிலை மாறிவிட்டது, யாரால் கணிக்க முடியும்?’ என்று கேட்பாருளர். வானிலை மாறிவிட்டது என்பதை அறிந்திருந்தும் பழைய மழைக் கணக்கை வைத்துக்கொண்டு புதிய பாலம் கட்டுவானேன்? புயலைக் காரணம் காட்டுகிறவர்கள், புயலை எதிர்பார்த்துக் கட்டினோம் என்று சொல்லும் நாள் எது?

மேலே புதுமை, உள்ளே துரு

‘நவீனமயம்’ என்ற சொல் இன்று எங்கும் முழங்குகிறது. இருவழிச் சாலை நான்குவழியாகிறது. தரைப்பாலங்கள் உயர்மட்டப் பாலங்களாகின்றன. உலக வங்கியின் கடனும் வருகிறது, ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனும் வருகிறது. சாலை அகலட்டும், நமக்கு மகிழ்ச்சியே. தரைப்பாலத்திலே இடுப்பளவு நீரில் கயிறு பிடித்துக் கடந்த கொடுமை ஒழியட்டும். அதற்காகப் போராடியவர்களே நாம். ஆனால், மேலே தெரிவது மட்டும் நவீனமா?

குசராத்திலே மோர்பி நகரம். மச்சு ஆற்றின்மேல் பழங்காலத் தொங்குபாலம். தனியார் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தனர். அது புதுப்பித்தது. நடைதளத்தை மாற்றியது. 2022 அக்டோபரிலே திறந்தது. திறந்த சில நாட்களுக்குள், அக்டோபர் 30 அன்று, பாலம் அறுந்து 135 உயிர்கள் ஆற்றிலே மாண்டன. புலனாய்வு என்ன கண்டது? நடைதளம் புதிது, அதைத் தாங்கிய வடம் பழையது, துருவேறியது! பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிவதைப் புதுப்பித்தார்கள், தாங்குவதைத் தொடவில்லை. ‘நவீனமயம்’ என்ற பெயரால் நடக்கும் பல பணிகளுக்கு அந்த வடமே சாட்சி.

அதே குசராத்திலே, 1985-இல் கட்டிய கம்பீரா பாலம் 2025 சூலை 9 அன்று ஓடும் வண்டிகளோடு மகி ஆற்றிலே விழுந்தது. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாலம் ஆடுகிறது என்று அப்பகுதி மக்கள் முன்பே முறையிட்டிருந்தனர். செல்வச் செழிப்புள்ள இத்தாலியிலும் இதே கதைதான். செனோவா நகரத்துப் பாலம் 2018 ஆகஸ்டு 14 அன்று வீழ்ந்து 43 பேரைக் கொன்றது. பணம் இருந்தால் போதாது, பராமரிக்கும் மனமும் வேண்டும் என்று அந்தக் கற்குவியல் கூறிற்று.

ஆரணி நெசவாளியைக் கேளுங்கள், அவர் சொல்வார். பாவிலே ஓர் இழை அறுந்தால் அந்தக் கணமே தறியை நிறுத்தி முடிச்சுப் போடுவார். ‘சேலை முடியட்டும், பிறகு பார்ப்போம்’ என்று விட்டால், கறை படிந்ததைப்போல அந்தக் குறை தலைப்பு வரையிலும் ஓடும். இழையறிந்து முடிபவரே நெசவாளி. பாலத்தைக் கட்டுவதும் அப்படித்தான், காப்பதும் அப்படித்தான்.

மணலைத் தின்றவன் பாலத்தைத் தின்றவன்

ஆற்றின் அடியிலே என்ன நடக்கிறது? வெள்ளம் தூணிலே மோதுகிறது. மோதிய நீர் கீழ்நோக்கிச் சுழன்று தூணடியைத் தோண்டுகிறது. மணல் பெயர்கிறது, அடித்தளம் வெளியே தெரிகிறது. பல பாலங்கள் மேலிருந்து விழுவதில்லை, அடியிலிருந்தே விழுகின்றன. ஆகையால், எவ்வளவு ஆழம் அரிக்கும் என்று கணக்கிட்டு, அதற்கும் கீழே அடித்தளத்தை இறக்குவது முறை.

கணக்கிட்ட நாளிலே ஆற்றின் மணல்மட்டம் ஓரிடத்தில் இருந்தது. பிறகு வந்தன லாரிகள்! இரவிலே வந்தன, பகலிலே வந்தன, அனுமதியோடு வந்தன, அனுமதியின்றியும் வந்தன. மணல்மட்டம் தாழ்ந்தது. அடித்தளம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆக, கட்டியபோது ஆழமாக இருந்த அடித்தளம், கட்டியவர் கை படாமலே ஆழமற்றதாகிவிட்டது!

திருச்சியிலே, கொள்ளிடத்தின்மீது 1928 முதல் நின்ற பழைய பாலம் 2018 ஆகஸ்டு வெள்ளத்திலே தூண் சாய்ந்து இடிந்தது. பக்கத்திலே 2016-இல் புதிய பாலம் வந்து, பழையதில் போக்குவரத்தை நிறுத்தி வைத்திருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அதே மாதத்திலே முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகளும் அடித்துச் செல்லப்பட்டன. ஆற்று மணலை வரைமுறையின்றி அள்ளியதே காரணம் என்று விவசாயிகள் குமுறினர். ஆற்றைக் கொள்ளையடித்துவிட்டு, ‘ஆறு பாலத்தைக் கொண்டுபோயிற்று’ என்று ஆற்றின்மீது பழி போடுவது எவ்வளவு பெரிய மோசடி! கமண்டல நாகநதியும் மணலாறு என்பதை மறவாதீர்.

பொறுப்பேற்றவர்கள்

வழியே இல்லையா? இருக்கிறது. நம் பக்கத்திலேயே இருக்கிறது.

2021-ஆம் ஆண்டு நவம்பரிலே பாலாறு பல்லாண்டு காணாத வெள்ளத்தைக் கண்டது. விரிஞ்சிபுரத்திலே தரைப்பாலம் போயிற்று. அடுத்த மாதம், திருவலத்தருகே பொன்னையாற்றின்மீதுள்ள பழைய இரயில் பாலத்திலே விரிசல் காணப்பட்டது. என்ன செய்தனர்? வண்டிகளை நிறுத்தினர். பயணிகள் அல்லற்பட்டனர், உண்மை. உயிரோடு அல்லற்பட்டனர்! பழுது பார்த்து, சோதித்து, அதன் பிறகே வண்டியை விட்டனர். 2024 டிசம்பரிலும் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தடியில் நீர் அபாயக் குறியைத் தாண்டியதும் வண்டிகளை நிறுத்தினர். அங்கே ‘அபாயக் குறி’ என்று ஒன்று இருந்தது. அதைப் பார்க்க ஓர் ஆள் இருந்தார். பார்த்ததும் நிறுத்த ஓர் ஆணை இருந்தது.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததன்று. 1956 செப்டம்பரிலே ஐதராபாத்தை அடுத்த மகபூப்நகர்ப் பகுதியிலே வெள்ளத்தால் பாலம் இடிந்து, இரயில் கவிழ்ந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி விலக முன்வந்தார், ஏற்கப்படவில்லை. அதே ஆண்டு நவம்பர் 23 அன்று நம் அரியலூரிலே, மருதையாற்றுப் பாலத்தை வெள்ளம் அரித்திருக்க, தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்தது. மீண்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் பலி. சாஸ்திரி மீண்டும் விலகினார்; இம்முறை ஏற்கப்பட்டது. அவர் இரயில் ஓட்டியவர் அல்லர். பாலம் கட்டியவர் அல்லர். ‘என் துறை, என் பொறுப்பு’ என்றார்.

சாலைப் பாலம் ஒன்று போனதற்காக ஓர் அமைச்சர் அப்படிச் சொல்லி நாம் கேட்டதுண்டா? இங்கே வழக்கம் என்ன? பாலம் எழுந்தால் பெருமை அமைச்சருக்கு. பாலம் விழுந்தால் பழி ஆற்றுக்கு!

நம் மண்ணிலே பாலத்துக்குப் பொறுப்பேற்ற மரபு இன்னும் பழமையானது. தாமிரபரணியைக் கடக்கத் தோணித்துறையிலே கூட்டம் காத்துக் கிடந்த காலத்தில், நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே பாலம் வேண்டுமென்றனர். ஊராரிடம் திரட்ட வேண்டிய செலவைத் தம் கைப்பொருளாக ஈந்தார் சுலோசன முதலியார். 1843-இல் திறந்த அந்தப் பாலம் இன்றும் அவர் பெயராலே வழங்குகிறது. நாடா வெட்டியவர் பெயரை நாடு மறந்தது. பொறுப்பேற்றவர் பெயரை நினைவில் வைத்திருக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

‘வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கிறார்கள்’ என்று நம்மை ஏசுவர். நிற்பது குறுக்கே அன்று. பாலம் நிற்க வேண்டுமே என்று பக்கத்திலே நிற்கிறோம். ஆட்சி எவருடையதாயினும், நம்முடையதே ஆயினும், கேள்வி மாறக் கூடாது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது மட்டும் கேட்கும் கேள்வி கொள்கையாகாது. அது வெறும் குரல்.

ஆரணியிலோ அண்டை ஊரிலோ ஆற்றுப்பாலத்தைப் புதுப்பிக்கிறோம், அகலப்படுத்துகிறோம் என்று அறிவிப்பு வந்தால், நாம் முன்வைக்க வேண்டியவை எவை?

முதலாவது, அந்த எண்ணை எழுதுங்கள். திறந்தவர் பெயருக்குக் கீழே, எத்தனை கன அடிக்குக் கட்டப்பட்டது, எத்தனையாண்டு வெள்ளத்தைக் கணக்கிட்டது, அடித்தளம் எவ்வளவு ஆழம், கடைசியாகச் சோதித்த நாள் எது என்பதைத் தமிழிலே பொறியுங்கள். தூணிலே அபாயக் குறியைச் சிவப்பால் தீட்டுங்கள். நீர் அதைத் தொட்டால் சாலையை அடைக்கும் அதிகாரம் யாருக்கு என்பதையும் சொல்லுங்கள்.

இரண்டாவது, அணையும் பாலமும் ஒன்றோடொன்று பேசட்டும். படவேட்டுப் பக்கம் கமண்டல நதியின் குறுக்கே செண்பகத்தோப்பு அணை இருக்கிறது. அணையைக் காப்பது ஒரு துறை, பாலத்தைக் கட்டுவது இன்னொரு துறை. மேலே எவ்வளவு திறக்கக்கூடும் என்பது கீழே கட்டுகிறவருக்கு எழுத்திலே தெரிய வேண்டும். எப்போது திறக்கிறார்கள் என்பது கீழே வாழ்கிறவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

மூன்றாவது, பருவமழைக்கு முன்னும் பின்னும் சோதனை. அதுவும் மேலே நடந்து பார்க்கும் சோதனையன்று. கீழே இறங்கித் தூணடியை அளக்கும் சோதனை. அறிக்கையை நகராட்சியிலும் ஊராட்சியிலும் ஒட்டுங்கள். பாலத்தருகே மணல் அள்ளுகிறவன் மணல் திருடன் மட்டுமல்லன், பாலத் திருடன் என்றே வழக்குத் தொடுங்கள்.

நான்காவது, நடக்கிறவனை மறவாதீர். சரக்கு லாரிக்காக மட்டும் பாலத்தை அகலப்படுத்தி, சேலைப் பையோடு நடக்கும் நெசவாளியையும் சைக்கிளிலே வரும் மாணவியையும் ஓரத்துக்குத் தள்ளுவது நவீனமன்று. நடைமேடை வேண்டும், விளக்கு வேண்டும். பழைய பாலத்தை இடித்துப் புதியது கட்டும் காலத்திலே, ஆற்று மணலில் மண்ணைக் கொட்டி ‘மாற்றுப் பாதை’ என்பார்கள். முதல் மழையிலே அது கரையும். மழைக்காலத்தைத் தாங்கும் மாற்றுப் பாதை இல்லாமல் பழைய பாலத்தில் ஒரு கல்லையும் எடுக்கக் கூடாது.

ஐந்தாவது, பாலம் போனால் விசாரணை வேண்டும். அந்த விசாரணை, பாலத்தைக் கட்டிய துறையே தன்னைத் தானே விசாரித்துத் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ளும் விசாரணையாக இருத்தல் கூடாது.

தொண்டர்க்கு ஒரு வேலை

இவையெல்லாம் மேலிடத்துக்கு. தோழர்களே, நமக்கும் வேலை இருக்கிறது.

நீர் அளக்கும் நிலையமில்லாத ஆறுகளிலே பொறியாளர் என்ன செய்வார் தெரியுமா? ஊராரைக் கேட்பார்! ‘வெள்ளம் எது வரை வந்தது?’ என்று கேட்டு, கோயில் படியிலும் கிணற்று மதிலிலும் பனை மரத்திலும் உள்ள குறியை அளந்து, அதிலிருந்து கணக்குப் போடுவார். பாலத்தின் முதல் பாடப்புத்தகம் ஊர்க் கிழவரின் நினைவு! ஆனால், அவசரத்திலே கட்டும் காலத்தில் அந்தக் கிழவரைக் கேட்க எவருக்கு நேரம்? கேட்க வருகிறவர் வரட்டும், வராமல் போகட்டும். நாம் எழுதி வைப்போம்.

கரையோரத்து ஒவ்வொரு கிளையும் ஒரு குறிப்பேடு தொடங்கட்டும். எந்த ஆண்டு வெள்ளம் எந்தப் படி வரை வந்தது, எந்தத் தோப்பில் நுழைந்தது, எந்தத் தெரு மூழ்கியது என்று வயலில் உழைப்பவரிடமும், ஆற்றிலே துணி வெளுப்பவரிடமும், மாடு மேய்ப்பவரிடமும் கேட்டு எழுதுங்கள். 2021-ஐ எழுதுங்கள், 2024-ஐ எழுதுங்கள், அவர்தம் தந்தை சொன்ன வெள்ளத்தையும் எழுதுங்கள். அதை மனுவோடு சேர்த்து நெடுஞ்சாலைத் துறையிடம் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புதல் வாங்குங்கள். பின்னாளில் ‘யாரும் எதிர்பார்க்கவில்லை’ என்று எவரும் சொல்ல முடியாதபடி செய்யும் காகிதம் அது.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையிலே இருக்கிறது. உங்கள் ஊர்ப் பாலத்தின் எண்ணைக் கேட்டு மனுப் போடுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியார் பிறந்தநாள், உள்ளாட்சி நாள். மார்ச் 22 தண்ணீர் நாள் அன்று தண்ணீரைப் பற்றிப் பேசாமல் எதைப் பற்றிப் பேசுவது? எழுந்து நின்று கேளுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை உங்கள் ஊரிலே பாலத்துக்குப் பந்தல் போடுவார்கள். மேடையிலே நம்மவரே இருக்கலாம், மாற்றாரும் இருக்கலாம். கைதட்டுங்கள், பாலம் வந்தது நல்லதுதான். கைதட்டி முடித்த பின், கூட்டம் கலைவதற்கு முன், ஒருவர் கையை உயர்த்துங்கள். பணிவாகவே கேளுங்கள், உரக்கவே கேளுங்கள்:

“ஐயா, எத்தனை கன அடி?”